பொதுக் கரண்டு

சோதனைக்காரன் அந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்தான், உள்ளே பார்த்தான், மெதுவாக மூடினான், இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான். அப்புறம் இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. யார் பார்த்தாலும் பயப்படத்தான் செய்வார்கள். கட்டுச்சோறு கொண்டுபோகிற வட்ட டப்பா. உள்ளே நெருக்கமாகச் சுற்றிய செம்புக் கம்பி, நாலு பேட்டரி, சுற்றிலும் கறுப்பு டேப், மூடியில் ஓட்டை போட்டு வெளியே இழுத்த இரண்டு ஒயர். இதைக் கையில் தூக்கிக்கொண்டு விமானம் மாற வந்த மனுசனுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும்!

அந்த மனுசன் பெயர் தனபால். வயது அறுபத்தாறு. கோபிச்செட்டிபாளையத்தில் நாற்பது வருசமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கருகிப்போன போர் மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால் மறுநாளே ஓட வைத்துக் கொடுப்பார். கரண்டு விஷயத்தில் மட்டும் கடவுளே வந்து சொன்னாலும் கேட்க மாட்டார்.

"சார், இது சார்ஜருங்க. என்ற நெஞ்சுப்பட்டைக்கு நானே செஞ்சது. நூத்திப்பத்து வோல்ட்டும் தாங்கும், எரநூத்தி முப்பதும் தாங்கும். கம்பெனிக்காரனுதைவிடச் சூடு கம்மி" என்று சொல்லிக்கொண்டே பெருமையாகச் சட்டைப் பொத்தானை அவிழ்த்தார்.

பக்கத்தில் நின்ற கோகிலவாணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. வெடிகுண்டு என்று பயப்படுகிறவன் முன்னால் நெஞ்சில் கட்டியிருக்கிற கருவியைத் திறந்து காட்டினால் அவன் என்ன நினைப்பான்? "கம்முனு இருங்க சித்த நேரம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

முக்கால் மணி நேரம் விசாரித்து, இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள். டப்பாவை விடவில்லை. ஒரு ரசீது கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

விமானம் மாறுகிற ஊர் அது. அடுத்த விமானத்துக்கு இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. அதில் ஏறினால் பதின்மூன்று மணி நேரம் பறக்க வேண்டும். அதன் கடைசியில் இருப்பது மகள் தன்விகாவின் நாடு. நாட்டின் பெயரை நான் சொல்லப் போவதில்லை, சொன்னால் நமக்கும் விசா கிடைக்காது.

தன்விகாவுக்குக் குறித்த பிரசவ நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. போன தடவை ஏழாம் மாதத்திலேயே கலைந்துபோனது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை, மாப்பிள்ளையும் வெளியூரில் இருந்தார். "இந்தத் தடவை நீ வராம நான் பெத்துக்க மாட்டேன்மா" என்று போனில் அழுதாள். பெற்றவளுக்கு அதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? கோகிலவாணி அன்றைக்கே பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

"பட்டைல சார்ஜ் எவ்வளவு இருக்குது?" என்று கேட்டாள், ஒரு நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு.

தனபால் செல்லைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு."

இரண்டு வருசமாக அவர் இதயம் தாளம் தப்புகிறது. தப்பினால் நெஞ்சுப்பட்டை ஒரு தட்டு தட்டி வழிக்குக் கொண்டுவரும். தட்டாத நேரத்திலும் அது காவல் காத்துக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு மணிக்கு நாலு சதவீதம் தின்னும். கோகிலவாணி மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். இப்படியே போனால் விமானம் ஏறி மூன்று மணி நேரத்தில் பட்டை செத்துப்போகும். கீழே கடல், மேலே வானம், நடுவில் பட்டை இல்லாத தனபால்.

"கம்பெனி சார்ஜரு எங்கீங்க?"

அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"அதைப் பிரிச்சுத்தான் இதைச் செஞ்சேன். அதுக்குள்ள இருந்த காயிலு நல்ல காயிலு."

வந்த கோபத்துக்கு அவள் என்னென்னவோ சொல்லியிருப்பாள். ஆனால் கத்தினால் அவருக்குத் தாளம் தப்பும், தப்பினால் பட்டை தட்டும், ஒரு தட்டுக்கு மூன்று சதவீதம் போகும். ஆகவே வாயை மூடிக்கொண்டாள். இரண்டு வருசமாகவே அந்த வீட்டில் சண்டையெல்லாம் இப்படித்தான் பாதியில் நிற்கிறது.

அங்கே இருந்த இரண்டு மருந்துக் கடைகளிலும் கேட்டுப் பார்த்தார்கள். அந்த ஊர் டாக்டர் சீட்டு இல்லாமல் நெஞ்சுப்பட்டைக்கான எதையும் விற்க மாட்டார்களாம்.

"எதுக்கு அலையற? அதா, வரிசையா சார்ஜ் மேடை வெச்சிருக்கான். எல்லாக் கருவிக்கும் ஏறும்னு படம் போட்டிருக்குது" என்றார் தனபால்.

"இருங்க. படிச்சுப் பாக்கோணும்."

கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருசம் வேலை பார்த்தவள் கோகிலவாணி. கடைசி வரிவரை படிக்காமல் எதற்கும் சரி சொல்ல மாட்டாள். மேடையின் திரையில் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். முகம் வெளுத்துப் போய்த் திரும்பி வந்தாள்.

"வேண்டாங்க. இதுல ஏத்தக் கூடாது."

"ஏன்? வோல்ட்டேஜ் ஜாஸ்தியா?"

"வோல்ட்டேஜெல்லாம் சரியாத்தான் இருக்குது. கரண்டும் சும்மாதான் குடுக்கறாங்க. ஆனா இந்தக் கரண்டை எடுத்தா, அந்தக் கருவில எழுதியிருக்கறதைப் போற நாட்டுக்காரங்க படிச்சுக்கலாம்னு நாமளே சம்மதிச்ச மாதிரியாமா."

"படிச்சா?"

"படிச்சா உங்களை உள்ள உடுவாங்களா? தொண்ணூறு நாளைக்குள்ள பட்டை ஒரு தட்டுத் தட்டியிருந்தாலே வரக் கூடாதுன்னு விசாத் தாள்ல போட்டிருந்துச்சே. உங்களுக்கு நாப்பது நாளைக்கு முன்னாடி ரெண்டு தடவை தட்டுச்சா இல்லையா?"

தட்டியது. அதை மறைத்துத்தான் வந்திருந்தார்கள். குடும்ப டாக்டரும் கண்ணை மூடிக்கொண்டு 'சீராக உள்ளது' என்று எழுதிக் கொடுத்திருந்தார். சொந்தக் கரண்டில் ஓடுகிற கருவியைத் திறந்து படிக்க எந்த நாட்டுக்கும் உரிமை இல்லை, அது சட்டம். பொதுக் கரண்டை ஒரு சொட்டு எடுத்தால் அந்த உரிமையை நாமே தூக்கிக் கொடுத்ததாக ஆகிவிடும், அதுவும் சட்டம்.

"அப்ப விமானத்துல சீட்டுக்குப் பக்கத்துல இருக்கற பிளக்கு?"

"அதுவும் பொதுக் கரண்டுதான்னு போட்டிருக்குது."

தனபால் பையிலிருந்து விமானச் சீட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு, "நான் ஊருக்குத் திரும்பிடறேன். நீ போ" என்றார்.

"திரும்பறதுக்கு மட்டும் சார்ஜ் வேண்டாமா? இருக்கறதை வெச்சு எங்க போய் இறங்குவீங்க?"

அப்படிச் சொல்லும்போதுதான் அவள் கண் தன் மணிக்கட்டில் விழுந்தது.

அந்த நாட்டுக்குப் போகிற அறுபது வயசு தாண்டிய எல்லோரும், தொண்ணூறு நாள் முன்பிருந்தே ஒரு கைப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். நாடித் துடிப்பையெல்லாம் அது எழுதி வைக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று கட்டியிருப்பவர் பார்க்க முடியாது, திருத்திவிடுவார்களாம். தனபாலுக்கு நெஞ்சுப்பட்டையே இருந்ததால் கைப்பட்டை வேண்டாம் என்று விட்டிருந்தார்கள். கோகிலவாணி கட்டியிருந்தாள்.

"ஏனுங்க, ஒரு செல்லுல இருந்து இன்னொரு செல்லுக்கு முதுகோட முதுகு வெச்சா சார்ஜ் ஏறுமே. அந்த மாதிரி இதுல இருந்து அதுக்கு ஏறுமா?"

காயில்கட்டிக்குக் கண் பளிச்சென்றது. கைப்பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏறும். ஆனா இது சின்னப் பேட்டரி. முழுசாக் குடுத்தாலும் எனக்குப் பதினொண்ணுதான் ஏறும்."

"குடுத்துட்டு, இதை மேடைல வெச்சு நெறைச்சுட்டு வர்றேன். மறுபடியும் குடுக்கறேன். எம்பட்டையப் படிச்சா படிச்சுட்டுப் போகட்டும். எனக்கென்ன சீக்கு? கல்லுக்குண்டாட்டம் இருக்கறேன்."

ஐந்து தடவை செய்தால் அறுபதைத் தாண்டும். அறுபது இருந்தால் போய் இறங்கிவிடலாம். அங்கே மாப்பிள்ளை புதுச் சார்ஜரோடு வாசலில் நிற்பார், சொல்லியாகிவிட்டது.

ஆனால் பட்டையும் பட்டையும் ஒட்டியே இருக்க வேண்டும். அதாவது கோகிலவாணி தன் கையைத் தனபாலின் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அழுத்தி இருபத்தைந்து நிமிசம் உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசத்தில் கடைவீதியில்கூடக் கைகோத்து நடக்காத ஜோடி அது. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணொருத்தி பார்த்துவிட்டுச் சிரித்தாள். கோகிலவாணிக்கு உடம்பெல்லாம் கூசியது. விரலுக்கடியில் அவர் இதயம் தடதடவென்று ஓடுவது தெரிந்தது.

"ஆடாம உக்காருங்க."

"நான் எங்க ஆடறேன்? உங்கைதான் நடுங்குது."

முதல் சுற்றில் முப்பத்தெட்டு ஆனது. இரண்டாவதில் நாற்பத்தைந்து. ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் தின்றுகொண்டும் இருந்தது, அதனால் அவள் கணக்குப் போட்ட வேகத்தில் ஏறவில்லை. மூன்றாவது தடவை பட்டையை மேடையில் வைக்கப் போனபோது ஒரு பணியாளப் பெண் வந்து நின்றாள். சீருடையில் 'ஷைனி' என்று இருந்தது. மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

"அம்மே, ஒரே பட்டையை ரெண்டு மணி நேரத்துல மூணாவது தடவை வெக்கிறீங்க. சிஸ்டம் என்னைக் கேக்குது. பட்டை கேடா?"

"இல்லம்மா. பழசு. நிக்க மாட்டேங்குது."

"பழசில்லை, மூணு மாசத்துப் பட்டை." அவள் பார்வை தூரத்தில் சட்டைப் பொத்தானைப் போடாமல் உட்கார்ந்திருந்த தனபாலிடம் போய் நின்றது. "பொதுக் கரண்டை எடுத்து வேற ஒருத்தருக்கு மாத்தறது குத்தம். அறியுமா? நான் சூப்பர்வைசரைக் கூப்பிடணும்."

கோகிலவாணி ஒன்றும் மறைக்கவில்லை. மறைத்துப் பேச நேரமும் இல்லை. "கூப்பிடும்மா. ஆனா அவர் பட்டை நின்னுபோச்சுன்னா அதையும் நீதான் வந்து பாக்கோணும்" என்றாள்.

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சுள்ளென்று சொன்னாள்: "நான் இப்ப சாப்பிடப் போறேன். திரும்பி வரும்போது நீங்க ரெண்டு பேரும் இந்த ஹால்ல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் அடுத்த கட்டிடத்துக்கு நடந்தார்கள். நடை என்றால் சாமானிய நடையா, காததூரம். தனபால் நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டார். அங்கே பிரார்த்தனை அறை ஒன்று காலியாக இருந்தது. அவரை அங்கே உட்கார வைத்தாள். மேடைகளோ அந்தக் கோடியில். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மேடையாகப் பார்த்துப் பட்டையை வைத்து, நிறைந்ததும் பிடுங்கிக் கட்டிக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி ஓடி வந்தாள். மூச்சு இரைத்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிசம் நின்றாள். நிற்க நேரம் ஏது? மறுபடி ஓடினாள்.

விமானம் ஏறும்போது அறுபத்தொன்று. கோகிலவாணி சீட்டில் சாய்ந்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வந்தது. தனபால் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "தப்பு எம்மேலதான்" என்றார். முப்பத்தெட்டு வருசத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

ஒன்பதாவது மணி நேரத்தில் பட்டை ஒரு தட்டுத் தட்டியது. தூங்கிக்கொண்டிருந்தவர் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார். மூன்று சதவீதம் போயிற்று. கோகிலவாணி தன் பட்டையில் இருந்ததில் பாதியைக் கொடுத்தாள். முழுசும் கொடுத்திருப்பாள். ஆனால் இறங்கும்போது அவள் பட்டையும் உயிரோடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு வேறு விசாரணை.

இறங்கி, அனுமார் வால் மாதிரி நீண்ட வரிசையில் நின்று அதிகாரி முன்னால் போய்ச் சேர்ந்தபோது தனபாலுக்கு மீதி ஐந்து. கண்ணாடிக் கதவு எதிரிலேயே தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை.

தனபாலின் தாளை அதிகாரி பார்த்தார், பட்டையில் லைட்டு எரிகிறதா என்று பார்த்தார், முத்திரை குத்தினார். அவ்வளவு லேசாக முடிந்தது. கோகிலவாணிக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

அடுத்து அவள் மணிக்கட்டை ஒரு தட்டில் வைக்கச் சொன்னார். திரையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். வரிசையில் எல்லோர் காதிலும் மாட்டிவிட்டிருந்த மொழிபெயர்ப்புக் கருவி, செய்தி வாசிக்கிறவர் குரலில் சொன்னது:

"அம்மையீர், தங்களுக்கு நுழைவு மறுக்கப்படுகிறது. தொண்ணூறு நாள்களில் தங்கள் இதயத்தில் பதினொரு கோளாறுகள் பதிவாகியுள்ளன."

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் கையைத் தட்டிலிருந்து வெடுக்கென்று எடுத்தாள். தனபால் முன்னால் பாய்ந்தார். அவள் அவர் கையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தாள்.

"கலந்துபோச்சுங்க. கரண்டோட கரண்டா உங்க கணக்கும் எம்பட்டைல ஏறிப்போச்சு."

"அதைத்தான் சொல்லப் போறேன். எல்லாம் என்னோடதுன்னு சொல்லிப்போடறேன்."

"சொன்னா? உங்களைத் திருப்பி அனுப்புவாங்க. அதுக்கு முன்னாடி இங்கயே புடிச்சு வெச்சுக் கேள்வி கேப்பாங்க. உங்களுக்கு இருக்கறது அஞ்சு. ஒரு மணி நேரம் தாங்குவீங்களா?"

"உன்னைய உட்டுட்டு நான் எப்படிப் போவேன் கோகிலா? பாப்பா உன்னையத்தான கேட்டா? நான் போய் என்னத்துக்கு ஆவேன்? எனக்கு வெந்நி வெக்கக்கூடத் தெரியாது."

"தெரிஞ்சுக்கோங்க. அவளுக்கு நம்மள்ல யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல இருக்கோணும். போன தடவையாட்டம் அனாதையாக் கெடக்கக் கூடாது. நீங்க செத்து வந்து நின்னா அவ தாங்குவாளா?" அவர் முகத்தைப் பார்த்தால் தான் உடைந்துவிடுவோம் என்று பயந்து, பெட்டியை அவர் கையில் திணித்தாள். "போங்க. திரும்பிப் பாக்காமப் போங்க."

பிறகு அதிகாரியிடம் திரும்பி, "ஆமாங்க, அந்த நெஞ்சு என்னோடதுதான்" என்றாள். கருவி அதை அந்த ஊர் மொழியில் சொன்னது. தனபால் கதவைத் தாண்டிப் போவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனார்கள். சாயங்கால விமானத்தில் திருப்பி அனுப்பப் போகிறார்களாம். அதற்கு ஒரு டாக்டர் 'பறக்கத் தகுதி' என்று கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பது வயசு இருக்கும் டாக்டரம்மாவுக்கு, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கோகிலவாணியின் கைப்பட்டையைக் கழற்றி மேசையில் இருந்த தட்டில் வைத்துவிட்டு, திரையில் நீளமாக ஓடிய கோடுகளைப் படித்தார். பிறகு நெஞ்சில் ஒயர்களை ஒட்டிச் சோதித்தார்.

"எத்தனை காலமாக இந்த நோய் இருக்கிறது?"

தனபால் இந்நேரம் சார்ஜரில் இருப்பார் என்ற தைரியத்தில் கோகிலவாணி உண்மையைச் சொல்லிவிட்டாள். "எனக்கு நோயில்லீங்க டாக்டரம்மா. அது எங்க வீட்டுக்காரரோடது. கரண்டு மாத்தும்போது கலந்துபோச்சு. அவரைத் தொந்தரவு பண்ணிப்போடாதீங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

டாக்டரம்மா தலையை ஆட்டினார். "மின்சாரம் மட்டுமே மாறும். பதிவு மாறாது. அந்த மின்சாரத்தை எப்போது மாற்றினீர்கள்?"

"நேத்துத்தானுங்க."

"இந்தப் பதினொன்றில் முதலாவது, எண்பத்து நான்கு நாள்களுக்கு முன்பு பதிவானது."

கோகிலவாணி வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள்.

"பெரும்பாலும் விடியற்காலை நான்கு மணி அளவில். அந்த நேரத்தில் தங்களுக்கு விழிப்பு ஏற்படுவதுண்டா? நெஞ்சு படபடத்து, வியர்த்து?"

"வரும்" என்றாள் மெதுவாக. "தெனமும் எந்திரிச்சு அவர் பட்டைல பச்சை லைட்டு எரியுதான்னு பாப்பேன். அவருக்கு என்ன ஆச்சோங்கற பயத்துலதான் முழிப்பு வருதுன்னு இருந்தேன்."

அறையில் குளிர் அதிகமாக இருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டு வருசமாக அவர் நெஞ்சை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குத் தன் நெஞ்சு ஒன்று இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. அழ வேண்டும் போலவும் இருந்தது, சிரிக்க வேண்டும் போலவும் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது.

"மூணு மாசமா எங்கையிலயே கட்டியிருந்தேனே! ஒரு வார்த்தை சொல்லலையே இந்தச் சனியன்!"

"அது தங்களுக்காகச் செய்யப்பட்டதன்று. எங்களுக்காகச் செய்யப்பட்டது" என்றது காதிலிருந்த குரல். டாக்டரம்மா அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

செல் அடித்தது. தனபால்.

"சார்ஜர்ல போட்டாச்சு. இருபது ஆச்சு. கோகிலா, எனக்கு மனசு ஆறல. நான் திரும்ப உள்ள வந்து அந்த ஆபீசர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போடறேன். உன்னையாச்சும் உடட்டும்."

அவருக்கு உண்மையைச் சொன்னால் இவளுக்காக ஓடி வருவார். சொல்லாவிட்டாலும் குற்றத்தை ஒப்புக்கொள்ள ஓடி வருவார். இந்த மனுசனைக் கட்டிக்கொண்டு எந்தப் பக்கம் போவது?

"கம்முனு இருங்க. டாக்டரம்மா பாத்துட்டாங்க. கலந்துதான் போச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. எழுத்து வேலை பாக்கி இருக்குதாமா. நீங்க வந்து ஒளறி வெச்சீங்கன்னா அதையும் கெடுத்துப்போடுவீங்க."

"நெசமாவா?"

"நான் என்னிக்கு உங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கறேன்? பாப்பாவைப் போய்ப் பாருங்க. நடக்கும்போது கையப் புடிச்சுக்கோங்க."

செல்லை வைத்தாள். டாக்டரம்மாவின் காதிலும் கருவி இருந்தது, எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் இருந்த தாளைத் தள்ளி வைத்தார்.

"நான் கையொப்பம் இட இயலாது. இந்த இதயத்தோடு பதின்மூன்று மணி நேரம் பறக்கக் கூடாது. நாட்டுக்குள்ளும் தங்களை விட மாட்டார்கள். விமான நிலைய மருத்துவமனையில் இருப்பீர்கள். இன்றே ஒரு நெஞ்சுப்பட்டை பொருத்துகிறேன். நான்கைந்து நாள்களில் சீராகிவிடும். சீரானதும் திருப்பி அனுப்புவார்கள்."

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்குள்ள பாக்க வர்றதுக்கு ஆளுகளை உடுவாங்களா?"

"குடும்பத்தார் வரலாம். தினமும் ஒரு மணி நேரம்."

"நெறமாசக்காரியும்? கொழந்தை பொறந்தா, கொழந்தையும்?"

"வரலாம்."

"எம்மக ஊடு இங்கிருந்து நாப்பது நிமிசம்னு சொன்னா." அவள் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, அந்தப் பட்டைய எனக்கு இப்பப் போடாதீங்க. கொழந்தை பொறக்கட்டும், இன்னும் பன்னெண்டு நாள்னு குறிச்சிருக்காங்க. அதுவரைக்கும் என்னையச் சரி பண்ணிப்போடாதீங்க."

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார் டாக்டரம்மா. "பட்டை இல்லாவிட்டால் இந்த நாள்களுக்குள் தங்கள் இதயம் நின்றுபோகக் கூடும். புரிகிறதா?"

"புரியுதுங்க. நின்னாலும் இங்க நிக்கட்டும்."

டாக்டரம்மா நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு விமானம் ஓடிப் போய் ஏறியது. அது மறையும்வரை பார்த்துவிட்டு, வேறொரு தாளை எடுத்து வைத்தார். 'கண்காணிப்பில் வைக்க வேண்டிய நாள்கள்' என்று ஒரு கட்டம். பேனாவை அதில் வைத்துக்கொண்டு, "பன்னிரண்டு நாள்கள் போதுமா?" என்று கேட்டார்.

"மொதக் கொழந்தைங்க. நாளு முன்னப் பின்ன ஆகும்" என்றாள் கோகிலவாணி. "பதினஞ்சுன்னு எழுதுங்க."